ஏப்ரல் முதல் வாரக் கணக்கு

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. வங்கி மேற்பார்வையைப் பற்றிப் பேச வந்த இளைஞர் ஒருவர், ரிசர்வ் வங்கியின் பழைய இன்ஸ்பெக்ஷன் முறையைப் போஸ்ட்மார்ட்டம் என்றார். எல்லாம் முடிந்த பிறகு போய் அறுத்துப் பார்ப்பதாம். இனிமேல் தரவு தானாக வந்து விழும், கிளைக்கு ஆள் போக வேண்டிய தேவையே இருக்காது என்றும் சொன்னார். கூடம் கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பேத்தியும் கைதட்டினாள்.

அவள் டப்ளினில் பிறந்து வளர்ந்தவள். கேரளத்து நர்ஸுகள் அயர்லாந்துக்கு விமானம் ஏறத் தொடங்கிய காலத்தில் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போனவள் என் மகள். பேத்தி நிதியியலில் முதுகலை முடித்துவிட்டு ஐரோப்பிய வங்கி மேற்பார்வையில் சேர முயன்றுகொண்டிருக்கிறாள். ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை உள்ளவர்களைத்தான் வேலைக்கு எடுக்கும். இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் வங்கிகளின் கம்ப்ளையன்ஸ் பிரிவிலோ ஆலோசனை நிறுவனங்களிலோதான் போய் நிற்கிறார்கள். அது மேசையின் எதிர்ப்பக்கம். இவளிடம் ஐரிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. "நீங்க பார்த்த வேலையத்தான் அப்புச்சி நானும் பார்க்கப் போறேன்" என்று அவள் சொன்னபோது அடைந்த பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் அந்தக் கைதட்டல் வலித்தது. நான் எந்த வேலையைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டுமென்றால் செத்தது செத்ததாகவே மேசையில் கிடக்க வேண்டும். எங்கள் மேசைக்கு எந்தக் கடனும் அப்படி வந்ததில்லை. குளித்து, பொட்டு வைத்து, வட்டியும் கட்டிவிட்டு வந்து நிற்கும். வரவு செலவு சரியாக இருக்கும். ஆடிட்டர் கையெழுத்து இருக்கும். நாடியைப் பிடித்துப் பார்த்து இதற்கு உயிர் போய்ப் பல மாதம் ஆகிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. சொன்னால் போதாது. அந்தக் கடனைக் கொடுத்த மேனேஜரும், அதைப் புதுப்பித்த ரீஜனல் மேனேஜரும், அவர்களுக்கு மேலே இருப்பவர்களும் எதிரே உட்கார்ந்து இல்லை இல்லை என்று சொல்லும்போது, அவர்களே ஒப்புக்கொள்ளும்படி நிறுவ வேண்டும்.

ஒரு கடன் எப்போது வாராக்கடன் ஆகிறது என்று வரையறுத்த ஐராக் விதிகள் 1992-93 கணக்காண்டில் வந்தன. முதலில் நான்கு காலாண்டு பாக்கி, அடுத்த ஆண்டு மூன்று, அதற்கடுத்த ஆண்டு இரண்டு என்று இறுக்கிக்கொண்டே வந்து, 2004 மார்ச் 31 முதல் 90 நாள் என்று நின்றது. விதியைப் பள்ளிக்கூடப் பையனும் படித்துக்கொள்ளலாம். இந்த விதிகளுக்கு முன்னால் கடன்களுக்கு ஹெல்த் கோடு ஒன்று முதல் எட்டு வரை போட்டு, எந்தக் கணக்கு எந்தக் கோடு என்று வங்கியே முடிவு செய்த காலம். அந்தப் பழக்கத்தில் ஊறிய மேனேஜர்களுக்குப் புதிய விதி ஒரு அவமானமாகவே பட்டது. "ஏலக்காய் சீசன் பயிர் சார், காலாண்டு கணக்கெல்லாம் இதுக்குப் பொருந்தாது" என்று இடுக்கியில் ஒவ்வொரு கிளையிலும் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்பதால்தான் வேலை கடினமானது.

என்னைப் பழக்கியவர் எங்கள் பி.ஐ.ஓ., அதாவது ஆய்வுக் குழுவின் முதன்மை அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் தன் பெயர் வருவதை அவர் விரும்பியதில்லை. அதனால் நானும் எழுதவில்லை. ரிசர்வ் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, தேர்வெழுதி அதிகாரியாகி, முதல் தடவையாக நான் இன்ஸ்பெக்ஷன் குழுவில் போனது அவரோடுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பழைய தனியார் வங்கியின் இடுக்கி மாவட்டக் கிளைகள். பாலக்காட்டு எல்லைக்காரனை எதற்காக இடுக்கி எல்லைக்கு அழைத்துப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. குமுளி தாண்டி வண்டன்மேட்டுக்கு ஜீப் ஏறும்போது அவரே சொன்னார்: "தம்பி, சொந்த ஊர்க் கிளைக்குப் போனா உனக்கு மாமன் மச்சான் முகம் தெரியும். இங்க உனக்கு யாரையும் தெரியாது. ஆனா தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். அது போதும்."

ஃபிராங்ஃபர்ட்டில் இதே நியாயத்தை நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள் என்று பேத்தியிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். 2014 நவம்பர் 4 முதல் யூரோ நாடுகளின் பெரிய வங்கிகளை ஐரோப்பிய மத்திய வங்கியே நேரடியாக மேற்பார்வை செய்கிறது. சொத்து மதிப்பு 30 பில்லியன் யூரோவுக்கு மேல் என்பது முக்கியமான அளவுகோல். நூற்றுக்கும் மேற்பட்ட வங்கிகள் அப்படி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டுக் குழு. குழுத் தலைவர் பொதுவாக அந்த வங்கியின் நாட்டைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார். உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் குழுவுக்குள் இருப்பார்கள். எங்கள் பி.ஐ.ஓ. ஜீப்பில் சொன்னது இதைத்தான்.

அவர் ஒரு கிளைக்குள் நுழைந்தால் மூன்று நாள் வரை ஐந்தொகையைத் தொட மாட்டார். சஸ்பென்ஸ், சன்ட்ரி டெபாசிட், பிராஞ்ச் அட்ஜஸ்ட்மென்ட். முடிவாகாத வரவு செலவுகள் தங்கும் இந்த மூன்று கணக்கிலும் மிகப் பழைய என்ட்ரி எது என்று கேட்பார். எடுத்து வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்தது, மேனேஜரின் சாங்ஷன் அதிகாரத்துக்குச் சற்றே கீழே, ஒரே வாரத்தில் கொடுக்கப்பட்ட கடன்கள். நான்கு பெயர், நான்கு விண்ணப்பம், ஒரே பேனா மை. நகைக்கடனில் பழைய பாக்கெட்டின் எடையும் புது பாக்கெட்டின் எடையும் ஒன்றாக இருந்து, புதுக் கடன் தொகை பழைய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையாக இருந்தால் அந்தப் பக்கத்தில் காகிதத் துண்டு வைப்பார். மேனேஜரிடம் உடனே ஒன்றும் கேட்க மாட்டார். கேட்கும் நேரம் வரும்போது காகிதத் துண்டுகள் ஒரு சீட்டுக்கட்டளவு சேர்ந்திருக்கும்.

வண்டன்மேட்டுக் கிளையில் நான் முதல் நாளே மார்ச் 31 பேலன்ஸ் புத்தகத்தை விரித்து டிக் அடிக்கத் தொடங்கினேன். அவர் அதை மூடி வைத்தார். "மார்ச் 31 அவங்க நமக்குக் காட்டுற நாள். ஏப்ரல் முதல் வாரம் அவங்க தங்களுக்காக நடத்துற நாள். டே புக்கை ஏப்ரல் ரெண்டுலேர்ந்து எடு" என்றார்.

அந்தக் கிளையில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கேஷ் கிரெடிட் கணக்கு இருந்தது. மார்ச் 30 அன்று போடியிலிருந்து வந்த ஒரு டி.டி. அதில் வரவாகியிருந்தது. அதனால் கணக்கு டிராயிங் பவர் என்ற வரம்புக்குள் அடங்கி, வட்டியும் கட்டப்பட்டு, மார்ச் 31-இல் அப்பழுக்கில்லாமல் நின்றது. ஏப்ரல் 4 அன்று அதே கணக்கிலிருந்து போடிக்கு ஒரு டி.டி. போயிருந்தது. டி.டி. இஷ்யூ ரெஜிஸ்டரில் பெயரைப் பார்த்தோம். வந்த டி.டி.யை எடுத்தவரும், போன டி.டி.யைப் பெற்றவரும் ஒரே நிறுவனம். வியாபாரியின் மைத்துனர் நடத்துவது. தொகையில் வித்தியாசம் டி.டி. கமிஷனும் நான்கைந்து நாள் வட்டியும் மட்டும். முந்தைய செப்டம்பரிலும் இதே ஜோடி. அதற்கு முந்தைய மார்ச்சிலும்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஸ்டாக்கைப் பார்க்கப் போகலாம் என்றார்.

இடுக்கியில் ஏலத்தோட்டத்து நிலத்தை நம்பிக் கடன் கொடுப்பது எளிதல்ல. ஏலமலைக் காட்டுக் குத்தகையும் பட்டாவும் வனத்துறை, வருவாய்த் துறை, நீதிமன்றம் என்று இன்று வரை இழுபடுகிறவை. அதனால் வங்கிகள் காயை நம்பின. காய், பறித்து ஸ்டோரில் உலர்த்தி, தரம் பிரித்து, வெளிச்சம் பட்டால் பச்சை போய்விடும் என்பதால் கறுப்புப் பாலிதீன் உறைக்குள் போட்டு, மேலே சாக்கு மாட்டித் தைத்துக் கொடௌனில் அடுக்கப்படும். மூட்டை எண்ணிக்கையை எழுதி, அன்றைய ஏல விலையால் பெருக்கி, மார்ஜினைக் கழித்தால் டிராயிங் பவர். மேனேஜர் மாதாமாதம் கொடௌன் வாசலில் நின்று மூட்டைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது.

பி.ஐ.ஓ. முன்வரிசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து, அடியிலிருந்து இரண்டாவது மூட்டையை இறக்கச் சொன்னார். சுமைக்காரர்கள் வியாபாரியின் முகத்தைப் பார்த்தார்கள். மூட்டை இறங்கியதும் தையலைப் பிரித்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். காய் வெளிறி வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஒன்றை நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் கொட்டினார். நல்ல காயென்றால் அரிசி கறுத்து, பிசுபிசுத்து, விரலில் ஒட்டும். மணம் மூக்கில் ஏறும். இதில் இருந்தது செம்மண் நிறத்தில் உலர்ந்த தூள். மணமே இல்லை. அடுத்த மூட்டையில் பாதிக்கு மேல் வெறும் தோல். ஐந்தாறு சீசன் பழையது என்று சுமைக்காரர் ஒருவரே தமிழில் முணுமுணுத்தார்.

கொடௌன் மேசையில் வியாபாரியின் சிட்டை இருந்தது. தமிழில் எழுதியது. மேனேஜர் கோட்டயத்துக்காரர், அவருக்குப் படிக்க வராது. ஆடிட்டர் அதைக் கேட்டதே இல்லை. நான் படித்தேன். முன்வரிசை மூட்டைகளுக்கு எதிரே மைத்துனர் நிறுவனத்தின் குறி போட்டிருந்தது. போடியில் வேறொரு வங்கியிடமும் அந்த மூட்டைகள் ஸ்டாக்காகக் காட்டப்பட்டிருந்தன. மலைக்கு மேலே ஒரு வங்கி, மலைக்குக் கீழே ஒரு வங்கி, நடுவில் ஒரே சரக்கு. இரண்டு மாநிலம், இரண்டு மொழி. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்க இரண்டு மேனேஜர்களுக்கும் தோன்றவில்லை.

வங்கியின் தலைமை அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில், வட்டி வந்துகொண்டிருக்கிறதே, கணக்கு எப்படிச் செத்தது என்று கேட்டார்கள். பி.ஐ.ஓ. குரலை உயர்த்தவில்லை. ஆறு டி.டி. எண்களையும் தேதிகளையும் வரிசையாக வாசித்தார். பிறகு மூட்டை எண்களை வாசித்தார். கருத்து ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு அன்றே வகை மாறியது, ஒதுக்கீடும் செய்யப்பட்டது. அந்த வியாபாரி மோசக்காரர் அல்லர், விலை விழுந்த இரண்டு சீசனில் மாட்டிக்கொண்டவர். அதையும் பி.ஐ.ஓ. அறிக்கையில் எழுதினார். நேர்மையாகக் கேட்டிருந்தால் கடனை மாற்றியமைத்துக் கொடுத்திருக்க முடியும் என்றும் எழுதினார். பிறகு அப்படியே செய்யப்பட்டது. போஸ்ட்மார்ட்டம் என்று இதையா சொல்கிறார்கள்?

இந்த வேலையை யாருக்காகப் பார்க்கிறோம் என்பதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. என் மாமனார் பீருமேட்டில் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. பாலாய் சென்ட்ரல் வங்கியில் பணம் போட்டிருந்தவர். 1927-இல் தொடங்கி, கேரளத்தின் பெரிய வங்கிகளில் ஒன்றாக வளர்ந்த அந்த வங்கி, ரிசர்வ் வங்கியின் மனுவின் பேரில் 1960 ஆகஸ்ட் 8 அன்று கேரள உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் மூடப்பட்டது. திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938-இல் விழுந்ததைப் பார்த்த தலைமுறை அப்போதும் உயிரோடு இருந்தது. அதனால் பீதி ஊர் ஊராகப் பரவியது. எஸ்டேட் லயங்களில் யாரும் அடுப்பு மூட்டாத நாளாக அது இருந்தது என்று மாமியார் சொல்வார். நாடாளுமன்றத்தில் ரிசர்வ் வங்கியைத் திட்டினார்கள். ஒரு வங்கியைக் கொன்றுவிட்டீர்கள் என்றார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1962-இல் ரிசர்வ் வங்கியின் அந்த அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பானது. வைப்புத்தொகைக் காப்பீடு 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததற்கு அந்தச் சாவு ஒரு முக்கியக் காரணம். அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய். இன்று 5 லட்சம்.

பலரும் பேசாத ஒன்று உண்டு. அந்த வங்கியின் குறைகள் ஐம்பதுகளின் ஆய்வறிக்கைகளிலேயே பதிவாகியிருந்தன. கிளைக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். நடவடிக்கைதான் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. திருத்திக்கொள்வார்கள், திருத்திக்கொள்வார்கள் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் என் மாமனாரைப் போன்றவர்கள் தொடர்ந்து பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டுபிடித்ததை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதியை எந்தக் கணினியும் தனியாகச் செய்யாது.

கருத்தரங்கு முடிந்து வீடு வரும் வழியில் வண்டன்மேட்டுக் கதையைச் சொன்னேன். பேத்தி, "அப்புச்சி, அதெல்லாம் பழைய காலம். ஐரோப்பாவுல அப்படி டி.டி. எடுத்து விளையாட முடியாது" என்றாள். அவளுடைய ஊரின் கதையையே அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

டப்ளினில் ஆங்லோ ஐரிஷ் என்று ஒரு வங்கி. அதன் கணக்காண்டு செப்டம்பர் 30-இல் முடியும். 2008 செப்டம்பரில் அதன் டெபாசிட் கசிந்துகொண்டிருந்தது. ஆண்டுக் கடைசியில் அது ஐரிஷ் லைஃப் அண்ட் பெர்மனன்ட் என்ற குழுமத்துக்குப் பணம் கொடுத்தது. அந்தக் குழுமத்தின் காப்பீட்டு நிறுவனம் அதே பணத்தை ஆங்லோ ஐரிஷில் டெபாசிட்டாகப் போட்டது. வங்கிக்கு வங்கி போட்ட பணமாகத் தெரிந்திருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் போட்டதால் வாடிக்கையாளர் டெபாசிட் என்று ஐந்தொகையில் ஏறியது. தொகை 7.2 பில்லியன் யூரோ. வண்டன்மேட்டு வியாபாரிக்கு மைத்துனர், இவர்களுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம். அதே வங்கியின் தலைவர் தான் வாங்கியிருந்த சொந்தக் கடன்களை ஒவ்வொரு ஆண்டுக் கடைசியிலும் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, தேதி கழிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டு. 2008 டிசம்பரில் அது வெளியானதும் பதவி விலகினார். 2009 ஜனவரியில் வங்கியை அரசே எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 30 பில்லியன் யூரோ ஐரிஷ் மக்களின் பணம் அதற்குள் போனது. முதன்மை அதிகாரிக்கு அந்த 7.2 பில்லியன் வழக்கில் 2018-இல் சிறைத்தண்டனை கிடைத்தது.

அங்கே அன்று மேற்பார்வை இருந்தது. கொள்கை அடிப்படையிலான மேற்பார்வை என்று அதற்குப் பெயர். வங்கி நல்ல நிர்வாகம், நல்ல நடைமுறை வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றதை வங்கியிடமே நம்பி விட்டுவிடுவது. விளைவு தெரிந்ததுதான். அக்டோபர் முதல் வாரத்து டே புக்கை யாராவது விரித்திருந்தால் போன பணமும் வந்த பணமும் ஒரே தொகையில் எதிரெதிரே நின்றிருக்கும்.

பேத்தி சிறிது நேரம் பேசாமல் வந்தாள். கொழிஞ்சாம்பாறை வந்ததும், நீங்களாக இருந்தால் எப்படிப் பிடித்திருப்பீர்கள் என்று கேட்டாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவளுடைய கணினியில் அந்த வங்கியின் 2008 ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நிறுவன டெபாசிட் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது, அதே காலத்தில் மற்ற வங்கிகளிடம் கொடுத்த பணம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வங்கிக்கு வெளியிலிருந்து டெபாசிட் வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்போது அதே வங்கி ஏன் வெளியே பெரும்பணம் கொடுத்து வைக்கிறது? அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, பணம் பெற்றவரும் போட்டவரும் எந்தக் குழுமம் என்று பார்க்க வேண்டும். பின்பு முதிர்வு தேதி. பின்பு அதற்கடுத்த ஏழு நாள். மாலையில் தொடங்கினால் மறுநாள் மதியத்துக்குள் முடியக்கூடிய வேலை.

ஜெர்மனியில் ஒயர்கார்டு கதையும் அவளுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 2020 ஜூனில் 1.9 பில்லியன் யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன கணக்கு, அந்த வங்கிகளில் இல்லவே இல்லை என்று தெரிந்து கம்பெனி கவிழ்ந்தது. ஜெர்மானிய மேற்பார்வையாளர்கள் அதன் துணை நிறுவனத்தை மட்டும்தான் வங்கி என்று பார்த்தார்கள், தலைமை நிறுவனத்தைத் தொழில்நுட்பக் கம்பெனி என்று விட்டுவிட்டார்கள். அந்த வங்கிகளுக்கு நேராக ஒரு கடிதம், அந்த வங்கிகளிடமிருந்து நேராக ஒரு பதில். எங்கள் காலத்தில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று அதைப் புதிதாகச் சேர்ந்த கிளார்க்கிடம் கொடுப்போம்.

எனக்குக் கணினி மேல் கோபமில்லை. 2011-இல் அடமானங்களைப் பதியும் செர்சாய் வந்தது. 2014-இல் பெரிய கடன்களுக்கான கிரில்க் தகவல் பதிவேடு வந்தது. ஒரே சொத்தை இரண்டு இடத்தில் காட்டுவது அதனால் கடினமாகியிருக்கிறது. வண்டன்மேட்டுச் சிட்டையைப் போன்றதைத் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் பல கணக்குகளில் இன்று இல்லை. 2022-இல் ரிசர்வ் வங்கி தக்ஷ் என்ற தளத்தைக் கொண்டுவந்தது. எழுப்பிய குறை தீர்ந்ததா இல்லையா என்று விடாமல் துரத்த அது உதவும். பாலாய் வங்கிக் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் தரவு தானாக வந்து விழுகிறது என்கிறார்களே, எங்கிருந்து வருகிறது? வங்கியிடமிருந்து. வங்கி மூட்டை எண்ணிக்கையை அனுப்பும், ஏல விலையை அனுப்பும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையால் பெருக்கினால் வைக்கோல் நிறத்துக் காய்க்கும் திரையில் பச்சை விளக்குதான் எரியும். தரவைக் கேட்டு வாங்குவதற்கு முன் அது எந்தக் கையால் எழுதப்பட்டது என்று பார்த்து வரவேண்டும். திருச்சூர் மாவட்டத்தில் கருவன்னூர் கூட்டுறவு வங்கி 2021-இல் நாறியபோது வெளிவந்தது என்ன? நிலத்தின் உரிமையாளருக்கே தெரியாமல் அதே ஆவணத்தின் மேல் திரும்பத் திரும்பக் கடன். அது கூட்டுறவுத் துறையின் கண்காணிப்பில் இருந்த சங்கம், ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வராதது. யாருடைய எல்லையாக இருந்தால் என்ன, பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த உரிமையாளரின் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவருக்கும் நேரமில்லை. பணம் போட்டவர்கள் சிகிச்சைக்குக் கூட எடுக்க முடியாமல் நின்றார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் இளைய அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தேன். புத்திசாலிப் பிள்ளைகள். எல்.சி.ஆர்., என்.எஸ்.எஃப்.ஆர்., சி.இ.டி.1 என்ற விகிதங்கள் எல்லாம் நுனிநாக்கில் இருக்கும். எஃப்.ஆர்.எம். தேர்வு முடித்தவர்கள் பாதிப் பேர். சாம்பிள் கணக்குகளைக் கணினியே எடுத்துக் கொடுக்கும், கொடுத்ததை மட்டும் பார்ப்பார்கள். பக்கத்துக் கணக்கில் ஏதோ நெருடுகிறதே என்று கண் போகாது. சஸ்பென்ஸில் பழைய என்ட்ரி எது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தால், சார், அது மெட்டீரியல் தொகை இல்லையே என்றார் ஒருவர். தொகை பெரிதாக இருந்தால் அதை அங்கே விட்டு வைத்திருப்பார்களா? அறிக்கையும் போன ஆண்டுக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்கிறது. எங்கள் பி.ஐ.ஓ. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வவுச்சர் எண், தேதி, தொகை கேட்பார். இல்லையென்றால் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். இரவு பதினொரு மணிக்கு லாட்ஜ் அறையில் நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் அடித்த வாக்கியங்களைத் திரும்ப எழுதியவன் நான். அந்தப் பயிற்சியைச் சுமை என்று நினைக்கும் தலைமுறைக்கு வங்கிகளைக் காவல் காக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம்.

ஐரோப்பாவில் நேரடி ஆய்வுக்கென்று தனிக் குழுக்கள் இருக்கின்றன. அன்றாடம் ஒரு வங்கியைப் பின்தொடரும் கூட்டுக் குழு வேறு, கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போய் வாரக்கணக்கில் கோப்பைப் பிரிக்கும் குழு வேறு. பேத்தி முதலில் கூட்டுக் குழுவுக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். வேலை அலுவலகத்திலேயே முடிந்துவிடும், பதவி உயர்வும் சீக்கிரம் என்று அவளுடைய நண்பர்கள் சொன்னார்களாம். ஆய்வுக் குழுவுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். போர்ச்சுகல், கிரீஸ், லித்துவேனியா என்று பெட்டியோடு அலைய வேண்டியிருக்குமே என்றாள். "அலையத்தான் சாமி வேணும். அலையாத கண்ணுக்கு முன்வரிசை மட்டும்தான் தெரியும்" என்றேன். யோசிக்கிறேன் என்று சொன்னவள், ஊருக்குத் திரும்பிய வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எஸ்.ஆர்.இ.பி., இரண்டாம் தூண், அழுத்தச் சோதனை என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. வாரம் ஒருநாள் போனில் என்னிடம் ஒப்பிக்கிறாள். சஸ்பென்ஸ் கணக்கைப் பற்றியெல்லாம் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் அப்புச்சி என்கிறாள். கேட்காவிட்டாலும் எப்படியாவது அந்தப் பேச்சை எடுத்து, ஆண்டுக் கணக்கு முடிந்த அடுத்த ஏழு நாளைப் பற்றியும் சொல்லிவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.